ஓவர்ஃப்ளோ பாக்ஸில் களக் களக் சத்தம், கரண்ட் போனால் சம்ப் விளிம்பு வரை தண்ணீர்: எங்கே தப்பு?

#1 நாலடித்தொட்டி

எல்லாருக்கும் வணக்கம். நன்னீர் மீன் தொட்டி, 120 × 45 × 50 செ.மீ. மூலையில் கண்ணாடி ஓவர்ஃப்ளோ பாக்ஸ் (தொட்டித் தண்ணி மேல இருக்கிற சீப்புப் பல் வழியா இதுக்குள்ள வழியும்), 20 × 12 செ.மீ. பாக்ஸ் அடியில் ரெண்டு ஓட்டை, ரெண்டுலயும் ஒரு அங்குல டேங்க் நிப்பிள் (கண்ணாடி ஓட்டையில பைப்பை மாட்டுற மரை இணைப்பு). ஒண்ணு ட்ரெயின் (தண்ணி கீழே இறங்குற பைப்), இன்னொண்ணு ரிட்டர்ன் (பம்ப் தண்ணியைத் திரும்ப மேலே ஏத்துற பைப்). ட்ரெயின் டர்சோ மாடல்: மேல டீ (T வடிவ இணைப்பு), டீ தலையில மூடி, மூடியில சின்னதா ஒரு காத்து ஓட்டை.

கீழே சம்ப் (வடிகட்டலுக்கான கீழ்த்தொட்டி, பம்ப்பும் இதுலதான்) 75 × 35 × 40. ஓடும்போது முதல் அறையில 26 செ.மீ. தண்ணி, கடைசி ரிட்டர்ன் அறையில (20 செ.மீ. நீளம்) 22 செ.மீ. பம்ப் பெட்டியில மணிக்கு 4000 லிட்டர், அதிகபட்ச ஏற்றம் 3 மீட்டர்னு போட்டிருக்கு. சம்ப் தண்ணியிலிருந்து தொட்டி தண்ணி வரைக்கும் 1.1 மீட்டர் உயரம்.

பிரச்சினை மூணு:
- இருபது வினாடிக்கு ஒரு தடவை பாக்ஸ் தண்ணி மடமடன்னு இறங்கி, டாய்லெட் ஃப்ளஷ் மாதிரி உறிஞ்சி, மறுபடி ஏறுது.
- பம்ப்பை நிறுத்தினா சம்ப் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் தண்ணி வந்து நிக்குது.
- தொட்டிக்குள்ள தூசி மாதிரி நுண்குமிழி.

ரிட்டர்ன்ல ஒரு என்.ஆர்.வி.யும் (தண்ணி திரும்பி வராம தடுக்கிற வால்வு) ட்ரெயின்ல ஒரு பால் வால்வும் போட்டுட்டா சரியாயிடுமா?

#2 கேட்வால்வு

பால் வால்வை இப்போதைக்கு வாங்காதீங்க. ட்ரெயின் ஒன்றே ஒன்று இருக்கும்போது அதில் வால்வு போட்டு, பம்ப் ஏற்றும் அளவுக்குச் சரிக்குச் சரி அடைத்து வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. ஒரு இலைத் துணுக்கு வால்வில் மாட்டினாலும் அத்தனை தண்ணீரும் தொட்டி விளிம்பைத் தாண்டத்தான் செய்யும்.

பெட்டியில் போட்டிருக்கும் 4000 லிட்டரை மறந்துவிடுங்கள். அது ஏற்றமே இல்லாத இடத்தில் கிடைக்கும் அளவு. கீழே உள்ளவற்றை அளந்து போடுங்கள், பிறகு பேசலாம்:

- ரிட்டர்ன் வாயில் 10 லிட்டர் வாளி பிடித்தால் எத்தனை வினாடியில் நிறைகிறது? வாயை இப்போது இருக்கும் உயரத்திலேயே வைத்துப் பிடிக்க வேண்டும், கீழே இறக்கினால் கணக்கு பொய்.
- ரிட்டர்ன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது?
- ட்ரெயின் பைப்பின் முனை சம்ப் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம்?
- தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கும் மேல் விளிம்புக்கும் இடைவெளி?
- சம்ப் தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையே இடைவெளி?

#3 நாலடித்தொட்டி

அளந்துட்டேன் அண்ணா. வாளி 17 வினாடி, மூணு தடவையும் அதேதான். ரிட்டர்ன் வாய் 6 செ.மீ. கீழே. ட்ரெயின் முனை 12 செ.மீ. உள்ளே. மேல் இடைவெளி 4 செ.மீ. தடுப்புக் கண்ணாடி இடைவெளி 2 செ.மீ.

#4 கேட்வால்வு

மூன்று நோய்க்கும் காரணம் இந்த ஐந்து எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

10 லிட்டர் 17 வினாடி என்றால் மணிக்கு சுமார் 2100 லிட்டர். 1.1 மீட்டர் நேர் ஏற்றம், எல்போவிலும் பைப்பிலும் போகும் உராய்வு அரை மீட்டர் வரை. அந்த பம்ப்புக்கு இது நியாயமான அளவுதான்.

ஒரு அங்குல டர்சோ சத்தமில்லாமல் தாங்குவது மணிக்கு 1200 லிட்டர் சுற்றி. அதற்கு மேல் தள்ளினால் என்ன ஆகிறது? டர்சோவில் தண்ணீர் பைப் சுவரை ஒட்டி வழிய, நடுவில் காற்று போக வேண்டும். ஓட்டம் கூடக்கூட விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மூடியில் உள்ள ஓட்டை அந்தக் காற்றைக் கொடுக்க முடியாத நேரத்தில் பைப் முழுக்கத் தண்ணீர் அடைத்து சைஃபன் (காற்றே இல்லாமல் பைப் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் நிலை) பிடித்துவிடும். சைஃபன் பிடித்தால் அதே பைப் 3000 லிட்டருக்கு மேல் இழுக்கும். வருவது 2100. பாக்ஸ் மட்டம் சரசரவென இறங்கி, டீயின் வாய் வெளியே தெரிந்ததும் ஒரு பெரிய மடக்கு காற்றை விழுங்கி சைஃபன் அறுந்துவிடும். மறுபடி மட்டம் ஏறும், மறுபடி பிடிக்கும். உங்கள் இருபது வினாடிச் சுற்று இதுதான்.

காற்று ஓட்டையைப் பெரிதாக்கினால் கொஞ்சம் அடங்கும். 3 மி.மீ. ஓட்டையில் தொடங்கி அரை மி.மீ. அரை மி.மீ.ஆகப் பெரிதாக்குவது வழக்கம். அல்லது ஓட்டையில் காற்றுக்குழாய் செருகி ஒரு சின்ன ஏர் வால்வு வைத்தால் துளைபோட்டுத் துளைபோட்டுப் பார்க்க வேண்டாம். ஆனால் 2100 லிட்டரில் ஃப்ளஷ் நின்றாலும் சீறல் சத்தம் வரும். அது தலைவலியைக் கொடுத்துவிட்டுத் திருகுவலியை வாங்கிக்கொள்வது.

இன்னொன்று, முனை 12 செ.மீ. மூழ்கியிருப்பது. பைப்புக்குள் இறங்கும் காற்று வெளியேற அத்தனை ஆழத் தண்ணீரையும் தள்ள வேண்டும். முடியாதபோது திரும்ப மேலே கொப்பளித்து வருகிறது, அந்தக் களக் களக் அதுதான். முனையை 2 முதல் 3 செ.மீ. மூழ்கும்படி வெட்டுங்கள்.

#5 சம்ப்சாமியார்

கரண்ட் போனால் சம்ப் நிறைவதற்கான கணக்கை நான் போடுகிறேன்.

உங்கள் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் = 120 × 45 = 5400 கன செ.மீ. = 5.4 லிட்டர். சம்பில் 1 செ.மீ. = 75 × 35 = 2.6 லிட்டர். தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் சம்பில் இரண்டு செ.மீ. ஏறும். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பம்ப் நின்றதும் இரண்டு வழியில் தண்ணீர் கீழே வருகிறது. ஒன்று, பாக்ஸ் சீப்பின் பல் அடி வரை வழிந்து நிற்பது. உங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்றரை செ.மீ. சொச்சம்தான். இரண்டாவதுதான் வில்லன்: ரிட்டர்ன் பைப் தலைகீழ் சைஃபனாக மாறி, அதன் வாய் காற்றுக்குத் திறக்கும் வரை இழுக்கும். வாய் 6 செ.மீ. கீழே இருக்கிறது, 6 × 5.4 = 32 லிட்டர். சம்பில் 12 செ.மீ. உயரும். 26 + 12 = 38. பைப்பில் நின்ற தண்ணீரும் சேர்ந்தால் உங்கள் ஒரு விரல் இடைவெளி கச்சிதமாக வந்துவிடும்.

வாயை 1.5 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்துங்கள். அவ்வளவுதான் வைத்தியம், செலவு ஒரு எல்போ.

#6 கடல்நீர்

என்.ஆர்.வி. போட்டால் வாய் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் கவலை இல்லையே? பவளத் தொட்டியில் ஓட்டத்தின் திசைக்காக வாயை ஆழத்தில் வைக்கிறவர்கள் உண்டு. நல்ல ஸ்விங் டைப் (கதவு மாதிரி மடிந்து மூடுவது), யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினால் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

#7 சம்ப்சாமியார்

கழுவினால் வேலை செய்யும் சார், மறுக்கவில்லை. கழுவாத மாதத்தில்தான் கரண்ட் போகும்! ஒரு நத்தைக் குஞ்சு, கொஞ்சம் பாசி நார், கடல்நீர் என்றால் சுண்ணாம்புப் படிவு, இதில் எது மடிப்பில் உட்கார்ந்தாலும் வால்வு முழுசாக மூடாது. ஒழுகல் மெதுவாக இருக்கும், ஆனால் சைஃபனுக்கு அவசரம் இல்லை. நாலு மணி நேரம் ஆனாலும் மொத்தத்தையும் இறக்கிவிடும்.

அதனால் என்.ஆர்.வி. இல்லாமலேயே சம்ப் தாங்க வேண்டும், அதற்கு மேல் போட்டுக்கொண்டால் கூடுதல் காவல். அதைக் கணக்கில் சேர்த்து சம்பில் கூடத் தண்ணீர் நிரப்பினால் காவல்காரனை நம்பிக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. மேலும் அது ஓட்டத்தையும் கொஞ்சம் தின்னும், ஸ்பிரிங் வகை இன்னும் அதிகமாகத் தின்னும்.

ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. ஓட்டை போட்டு சைஃபனை அறுக்கும் முறைக்கும் இதே கதிதான். வெளிச்சம் படும் இடம், பாசி வந்து ஓட்டையை மூடிவிடும். வாரம் ஒருமுறை பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தயார் என்றால் வைக்கலாம். வாயே மேலே இருந்தால் இந்தப் பாடு எதற்கு?

#8 பைப்லைன்

நாலடித்தொட்டி, உங்களிடம் இரண்டு ஓட்டை இருக்கிறது. அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். ரிட்டர்னை ஓட்டையிலிருந்து எடுத்து, தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாக வளைத்து விடுங்கள். இரண்டு ஓட்டையையும் ட்ரெயினுக்கே கொடுங்கள். ஹெர்பி முறை என்று பெயர்: ஒரு பைப் முழு சைஃபன், இன்னொன்று அவசர வழி.

வேலை இப்படி.

பாக்ஸுக்குள் அவசர பைப்பின் வாய் சீப்புப் பல் அடியிலிருந்து 3 செ.மீ. கீழே இருக்கட்டும். சைஃபன் பைப்பின் வாய் அதிலிருந்து இன்னும் 12 முதல் 15 செ.மீ. கீழே. இதைவிட நெருக்கினால் சைஃபன் வாய்க்கு மேலே தண்ணீர் குறைந்து சுழி விழும், சுழி வழியே காற்று போகும், சத்தம் திரும்ப வரும். இரண்டு வாயிலும் சல்லடை மாட்ட வேண்டும். சைஃபனுக்குப் போடும் சல்லடையின் துளைப் பரப்பு பைப்பின் குறுக்குப் பரப்பைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். அவசர பைப்புக்குப் பெரிய கண் உள்ள சல்லடை போதும். மீன் நுழையாமல் இருந்தால் சரி, நுண்ணிய வலை மட்டும் வேண்டாம்.

கீழே, சைஃபன் பைப்பில் ஒரு கேட் வால்வு. சம்ப் தண்ணீருக்கு மேலே, கை எட்டும் இடத்தில். வால்வுக்கு மேலே ஒரு யூனியன், கழற்றிக் கழுவ. அவசர பைப்பில் வால்வு கூடாது. கைதவறிக்கூட யாரும் மூட முடியாதபடி வெறும் பைப்பாக இருக்க வேண்டும். அதன் முனை சம்ப் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அதில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் சத்தம் கேட்கும், அந்தச் சத்தமே அலாரம்.

டேங்க் நிப்பிளைக் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால் ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம், விளிம்புத் தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். சிலிக்கான் பூச வேண்டாம், வாஷர் வழுக்கிப் பிதுங்கும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும். மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப், ஒட்டும் இடத்தில் சொல்யூஷன். சொல்யூஷன் போட்ட பிறகு 24 மணி நேரம் தண்ணீர் விடாதீர்கள். பாக்ஸுக்குள் நிற்கும் பைப்புகளை ஒட்டவே வேண்டாம், வெறுமனே அழுத்திச் செருகினால் போதும். உயரத்தை மாற்ற வேண்டி வரும்.

கிடைமட்டமாகப் பைப் ஓடுவதைக் குறையுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. கிடையாக ஓடும் பகுதியில் காற்று தங்கி, சைஃபன் பிடிக்க நேரமாகும்.

#9 பாசிப்பச்சை

இவ்வளவு வேலை எதற்கு? நன்னீர் தொட்டி, 240 லிட்டர் தண்ணீர் இருக்கும். மணிக்கு ஐந்து சுற்று போதும், அது 1200 லிட்டர். பம்ப்பைக் குறைத்தால் டர்சோவே சத்தமில்லாமல் ஓடும். ரிட்டர்ன் வாயை உயர்த்தினால் சம்ப் பிரச்சினையும் தீர்ந்தது.

#10 கேட்வால்வு

பாசிப்பச்சை சொல்வது நியாயமான வழிதான், உண்மையில் பலருக்கு அது போதும். குறைப்பதாக இருந்தால் பம்ப்பின் வெளிப்பக்கத்தில் வால்வு வைத்துக் குறைக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால் இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் இறக்கை) பட்டினி கிடந்து குமிழி கிளம்பும், பம்ப் இரையும். வெளிப்பக்கத்தைப் பாதி அடைப்பதால் இந்த வகை பம்ப்புக்குக் கெடுதல் இல்லை. வேகம் மாற்றும் டி.சி. பம்ப் என்றால் வால்வே வேண்டாம்.

ஆனால் சத்தம் தீர்ந்தாலும் ஒற்றை ட்ரெயின் ஒற்றை ட்ரெயின்தான். அடைத்தால் அடுத்த வழி கிடையாது. ஓட்டை ஒன்றே உள்ளவர்களுக்கு உங்கள் யோசனை. இவரிடம் இரண்டு இருக்கிறதே, அதை ஏன் ரிட்டர்னுக்கு வீணாக்க வேண்டும்?

#11 நாலடித்தொட்டி

ஹெர்பியே பண்றேன். ஒரு சந்தேகம். சைஃபன் வால்வை எவ்வளவு துல்லியமா திருகினாலும் பம்ப் ஓட்டத்துக்கு அப்படியே சமமா நிக்குமா? ஒரு சொட்டு வித்தியாசம் இருந்தாலும் பாக்ஸ் ஒண்ணு நிறையணும், இல்லன்னா காலியாகணும்.

#12 பைப்லைன்

சரியான கேள்வி. பதில் பாக்ஸின் உயரத்தில் இருக்கிறது.

சைஃபன் இழுக்கும் வேகம், பாக்ஸ் தண்ணீர் மட்டத்துக்கும் சம்ப் மட்டத்துக்கும் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உங்களுக்கு அது சுமார் 1 மீட்டர். பாக்ஸ் மட்டம் 10 செ.மீ. ஏறினால் உயரம் 1.1 மீட்டர் ஆகும், ஓட்டம் 5 சதவீதம் கூடும். 2100 லிட்டரில் 5 சதவீதம் 105 லிட்டர். அதாவது வால்வில் நீங்கள் விடும் பிழை மணிக்கு நூறு லிட்டருக்குள் இருந்தால் பாக்ஸ் மட்டம் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ தானே சமன் செய்துகொள்ளும். அதற்குத்தான் சைஃபன் வாய்க்கும் அவசர வாய்க்கும் நடுவே 12 செ.மீ. இடம் விட்டோம்.

இதிலேயே பால் வால்வு ஏன் உதவாது என்பதும் தெரிந்துவிடும். அதன் கைப்பிடி கால் சுற்றுக்குள் முழுத் திறப்பிலிருந்து முழு மூடலுக்குப் போகிறது. ஒரு நூல் அசைந்தால் நூறு லிட்டரைத் தாண்டிவிடும். கேட் வால்வில் பல சுற்று இருப்பதால் அரைக்கால் சுற்றாகத் திருகலாம்.

திருகும் முறை: முழுக்கத் திறந்து வைத்து பம்ப்பைப் போடுங்கள். காற்று வெளியேறி சைஃபன் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதுவரை ஆரவாரமாகத்தான் இருக்கும். பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள், பாக்ஸ் மட்டம் ஏற ஆரம்பிக்கும். அவசர வாய்க்கு ஒரு செ.மீ. கீழே வந்ததும் நிறுத்தி, அரைக்கால் சுற்று திறங்கள். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உடனே உடனே திருகுகிறவர்களுக்கு இது அரை நாள் வேலை, பொறுமையாகத் திருகினால் அரை மணி நேரம்.

மட்டத்தை அவசர வாய்க்குக் கீழே வைப்பதா, அதில் ஒரு மெல்லிய வழிவு போகும்படி வைப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் வழிவுக் கட்சி. மிச்சம் மீதி எப்போதும் அந்த வழியே போய்விடும், மட்டம் அசையாது. வழிவு சத்தம் போட்டால் அவசர பைப்பின் வாயைச் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சுவரை ஒட்டி இறங்கும்.

#13 கடல்நீர்

நான் வறண்ட கட்சி. வழிவு இருந்தால் உள்ளே வழவழப்பு படியும், நத்தை ஈரத்தைத் தேடி ஏறும். அவசர வழி சுத்தமாக, காய்ந்து இருப்பது நல்லது.

மூன்று ஓட்டை போட இடம் உள்ளவர்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம், பீன் அனிமல் முறை இருக்கிறது. ஒன்று முழு சைஃபன், இரண்டாவது மெல்லிய வழிவுக்கான திறந்த பைப், மூன்றாவது வறண்ட அவசர வழி. இரண்டாவதின் தலையில் ஒரு காற்றுக்குழாய் இருக்கும், அதன் முனை வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே. சைஃபன் அடைத்து மட்டம் ஏறினால் அந்த முனை மூழ்கும், காற்று நிற்கும், திறந்த பைப் தானாகவே முழு சைஃபன் ஆகிவிடும். அசையும் பாகம் எதுவும் இல்லாத பாதுகாப்பு, எனக்குப் பிடித்தது அதுதான்.

#14 பாசிப்பச்சை

நுண்குமிழிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தடுப்புகளுக்கு இடையே 2 செ.மீ. என்றால் தண்ணீர் போகும் பரப்பு 2 × 35 = 70 சதுர செ.மீ. மணிக்கு 2100 லிட்டர் என்பது வினாடிக்கு 583 கன செ.மீ. வேகம் வினாடிக்கு 8 செ.மீ.க்கு மேல். நுண்குமிழி மேலே ஏறும் வேகம் அதைவிடக் குறைவு, அதனால் தண்ணீரோடு கீழே இழுபட்டு அடுத்த அறைக்குப் போகிறது. இடைவெளியை 4 செ.மீ. ஆக்கினால் வேகம் பாதி. கண்ணாடியை எடுத்து ஒட்ட மனமில்லை என்றால் அந்த இடைவெளியில் பெரிய கண் ஸ்பாஞ்ச் செருகலாம், ஆனால் வாரம் ஒருமுறை பிழிய வேண்டும். மறந்தால் முன் அறையில் மட்டம் ஏறும்.

ஹெர்பிக்கு மாறினாலே குமிழி பெருமளவு குறையும், ஏனென்றால் சைஃபனில் காற்றே வராது. அதனால் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு கண்ணாடியில் கை வையுங்கள்.

ரிட்டர்ன் அறையையும் பாருங்கள். ஆவியாகும் தண்ணீர் முழுக்க அந்த ஒரு அறையில்தான் குறையும். 20 × 35 என்றால் 1 செ.மீ.க்கு 0.7 லிட்டர்தான். நாளைக்கு 3 லிட்டர் ஆவியானால் 4 செ.மீ. இறங்கும். மூன்று நாள் தண்ணீர் சேர்க்கவில்லை என்றால் பம்ப் வாய் மேலே சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். குமிழி எப்போதாவது மட்டும் வருகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

#15 கண்ணாடிப்பெட்டி

இடையில் ஒரு கேள்வி. என் தொட்டியில் ஓட்டை இல்லை. விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ நம்பலாமா? அல்லது ஓட்டை போட்டுவிடலாமா?

#16 பைப்லைன்

முதலில் அது டஃபன் செய்த, அதாவது சூட்டில் கடினமாக்கிய கண்ணாடியா என்று உறுதி செய்யுங்கள். டஃபன் கண்ணாடியில் டிரில் முனை பட்டதும் பொலபொலவென உதிர்ந்துவிடும், மறுபேச்சே இல்லை. சாதாக் கண்ணாடி என்றால் வைர ஹோல் சா (வட்டமாக ஓட்டை போடும் டிரில் முனை), மெதுவான வேகம், தண்ணீர் விட்டுக்கொண்டே. ஓட்டை விளிம்புக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடம் விடுங்கள். நிப்பிளை வாங்கி அதன் மரைப் பகுதியை அளந்த பிறகே ஹோல் சா வாங்குங்கள், ஒரு அங்குலம் என்று பெயர் இருந்தாலும் தேவைப்படும் ஓட்டை அதைவிட நிறையப் பெரிது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தொங்கும் வகையில் யு வடிவக் குழாய்தான் உயிர்நாடி. அதன் உச்சியில் குமிழி சேர்ந்து சேர்ந்து ஒருநாள் சைஃபன் அறும். பெரிய குழாயில் மெதுவாக ஓடவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. ஓட்டம் வேகமாக இருந்தால்தான் குமிழியைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் ஓட்டத்துக்கு ஏற்ற சிறிய குழாயைத் தேர்ந்தெடுங்கள். அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கான சோதனையை சம்ப்சாமியார் சொல்லட்டும்.

#17 சம்ப்சாமியார்

இரண்டு சோதனை. தொங்கும் வகை, ஓட்டை வகை, எதுவானாலும் இரண்டும் செய்யாமல் மீனை விடாதீர்கள்.

முதல் சோதனை, பம்ப்பை நிறுத்துவது. நாலடித்தொட்டிக்குப் புதிய அமைப்பில் கணக்கு: தொட்டியில் 2 செ.மீ. = 10.8 லிட்டர், பாக்ஸ் சைஃபன் வாய் வரை காலியாவது சுமார் 3 லிட்டர், பைப்புகளில் 1.4 லிட்டர். மொத்தம் 15 சொச்சம், சம்பில் 6 செ.மீ. ஏறி 32-ல் நிற்கும். 40 செ.மீ. சம்புக்கு நிம்மதி. நின்ற மட்டத்தில் மார்க்கர் கோடு ஒன்று போடுங்கள். ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கு இன்னொரு கோடு. தண்ணீர் மாற்றும்போது அந்த இரண்டாம் கோட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது.

இரண்டாம் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ட்ரெயினை அடைத்துவிட்டு பம்ப்பை ஓடவிடுவது. ரிட்டர்ன் அறையில் 22 செ.மீ., பம்ப் வாய் 5 செ.மீ. உயரத்தில் என்றால் ஏற்றக்கூடியது 17 × 0.7 = 12 லிட்டர். தொட்டியில் 2.2 செ.மீ. உங்களுக்கு மேலே 4 செ.மீ. இருக்கிறது, எல்லா வழியும் அடைத்தாலும் தரை நனையாது. பிறகு பம்ப் காற்றில் கத்தும், அவ்வளவுதான்.

ஆனால் ஆவியான தண்ணீரைத் தானே சேர்க்கும் ஆட்டோ டாப்-அப் வைத்திருந்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்! அதன் சென்சார் இருப்பது ரிட்டர்ன் அறையில். அறை காலியானதும் தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்துத் தன் கேனிலிருந்து ஊற்ற ஆரம்பிக்கும். பம்ப் அதையும் மேலே ஏற்றும். கேனில் 20 லிட்டர் இருந்தால் 12 + 20 = 32 லிட்டர், தொட்டியில் 6 செ.மீ. உங்களிடம் இருப்பது 4. அதனால் கேனின் அளவை மேல் இடைவெளிக்கு ஏற்றபடி வையுங்கள், உங்கள் தொட்டிக்கு 8 லிட்டர் வரைதான். அல்லது ஒரு நேரத்தில் இத்தனை வினாடிக்கு மேல் ஓடாது என்று வரம்பு வைக்கக்கூடிய டாப்-அப் வாங்குங்கள். குழாயடித் தண்ணீரை நேரடியாக மிதவை வால்வில் இணைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஹெர்பிக்கு மூன்றாவதாக ஒன்று: கேட் வால்வை முழுக்க மூடி, அவசர பைப் மட்டும் பத்து நிமிடம் ஓடட்டும். பாக்ஸ் மட்டம் ஏறி, வாய் நன்றாக மூழ்கியதும் அதுவும் சைஃபன் பிடித்து மொத்தத்தையும் இழுக்க வேண்டும். உறுமும், பரவாயில்லை.

ஹீட்டரை ரிட்டர்ன் அறையில் வைக்காதீர்கள், மட்டம் மாறாத முதல் அறையில் படுக்கை வாட்டில் வையுங்கள். பிளக் பாயின்ட் சம்புக்கு மேலே, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி ஏறட்டும், அந்தச் சுற்றின் அடியில் சொட்டு விழுந்துவிடும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம்.

#18 நாலடித்தொட்டி

மாத்தியாச்சு. சைஃபன் பிடிக்க ஒன்றரை நிமிஷம். அப்புறம் சத்தமே இல்லை, பம்ப் ஓடுதான்னு கை வச்சுப் பாக்க வேண்டியிருக்கு. பம்ப்பை நிறுத்தினா சம்ப் 31.5-ல நிக்குது. ரெண்டாவது சோதனையில தொட்டி 2 செ.மீ. ஏறிச்சு. வால்வை மூடினா அவசர பைப் எல்லாத்தையும் இழுக்குது. குமிழி முக்கால்வாசி போயிடுச்சு.

ஒண்ணு மட்டும் புரியல. வால்வைத் தொடவே இல்லை, ஆனா நாலு நாள் கழிச்சு பாக்ஸ் மட்டம் தானா ஏறி அவசர பைப்ல தண்ணி விழ ஆரம்பிச்சது. வால்வை இன்னும் திறக்கணுமா?

#19 கேட்வால்வு

சைஃபன் முனை ஃபில்டர் சாக்குக்குள் (அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டித் துணிப்பை) விழுகிறதா?

#20 நாலடித்தொட்டி

ஆமா, சாக் உள்ளேதான்.

#21 கேட்வால்வு

அப்படியானால் வால்வைத் தொடாதீர்கள். சாக் அழுக்கேற அழுக்கேற அதற்குள் தண்ணீர் மட்டம் உயரும். சைஃபனுக்கு அது சம்ப் மட்டமே உயர்ந்த மாதிரி. 8 செ.மீ. உயர்ந்தால் 1 மீட்டராக இருந்த உயரம் 92 செ.மீ.யாகக் குறைந்துவிடும், ஓட்டம் 4 சதவீதம் குறையும், மிச்சம் அவசர வழியில் விழும். இப்போது வால்வைத் திறந்தால் புது சாக் போட்ட அன்று பாக்ஸ் மட்டம் சைஃபன் வாய் வரை இறங்கி மறுபடி காற்றை விழுங்கும்.

வால்வை எப்போதும் கழுவிய சாக்கோடு மட்டும் திருகுங்கள். அவசர பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் சாக்கை மாற்றுங்கள். மாற்றியும் மட்டம் இறங்கவில்லை என்றால் பாக்ஸுக்குள் சல்லடையைப் பாருங்கள், அதற்கும் இறங்கவில்லை என்றால் யூனியனைக் கழற்றி வால்வுக்குள் பிரஷ் விடுங்கள்.